இன்ஜின் மேல் தூவிய திருநீறு

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில்தான் இன்ஜின் முதன்முதலாகப் பாலத்தின் மேல் நின்றது. விரலால் லேசாகத் தள்ளினேன். நகர்ந்தது. பாலத்தைத் தாண்டி, மண்டபம் ஸ்டேஷன் என்று நான் எழுதி வைத்திருந்த அட்டை வரை போய், வளைவில் திணறி, மறுபடியும் நின்றது. முகப்பு விளக்கு மட்டும் அணைந்து அணைந்து எரிந்தது.

எங்கள் வீடு இராமநாதபுரத்தில். மாடி அறையில் சுவருக்குச் சுவர் ஒரு பெரிய பலகை, அதன்மேல் ரயில் பாதை. கல்லூரியில் இயற்பியல் கற்பித்து நான் ஓய்வுபெற்றபோது, வெளிநாட்டில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பிய ஒரு பெட்டியில் இது தொடங்கியது. உள்ளங்கையில் வைத்தால் விரல் நுனியைத் தாண்டி நீளும் நீல நிற டீசல் இன்ஜின், அதன் பின்னால் ஆறு பெட்டிகள், வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்த ஒரு கன்ட்ரோலர். பாலத்தை நானே செய்தேன். பாம்பனில் புதுப்பாலம் வந்து ரயில் அதன் மேல் ஓடத் தொடங்கிவிட்டது. என் பலகையில் மட்டும் பழைய பாலம், இரண்டு கைகளாக மேலே விரியும் அந்த நடுப்பகுதியோடு, அப்படியே இருக்கிறது.

அந்த ரயிலை என்னோடு சேர்ந்து ஓட்ட ஒரே ஒரு ஆள் வருவான். என் தம்பி. உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் விவசாயம் பார்க்கிறான். நெல், கொஞ்சம் முண்டு மிளகாய். வாரச் சந்தைக்கு வரும் நாளில் சரக்கைப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயுமுன் மாடிக்கு ஏறிவிடுவான். கன்ட்ரோலர் அவன் கையில்தான். எனக்கு இன்ஜினை மட்டும் மெதுவாக ஓட விட்டுப் பார்ப்பது பிடிக்கும். அவனுக்கு அதெல்லாம் ஆகாது. ஆறு பெட்டிகளையும் மாட்டி, திருகைக் கடைசி வரை திருகி, வண்டி வளைவில் சாய்ந்து போவதைப் பார்த்து உடம்பு குலுங்கச் சிரிப்பான். எழுபதை நெருங்கிய ஆள்.

பிள்ளைகள் தூர தேசத்தில். உடன் வேலை பார்த்தவர்கள் பலர் இப்போது இல்லை. வாரத்தில் அந்த ஒரு மதியம் அவன் படியேறி வராவிட்டால், ரத்த உறவென்று என் வீட்டுக்குள் நுழைய வேறு ஆள் கிடையாது. இது அப்போதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பொம்மை ரயிலில் பழுது பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தண்டவாளங்கள் இரண்டிலும் மின்சாரம் இருக்கிறது. சக்கரங்கள் அதை எடுத்துக்கொள்கின்றன. சக்கரத்தின் உட்புறத்தை உரசிக்கொண்டிருக்கும் மெல்லிய செப்புத் தகடுகள் அதை உள்ளே இருக்கும் மோட்டாருக்குக் கொண்டுபோகின்றன. வண்டி நின்றால் இந்த வழியில் எங்கோ தொடர்பு விட்டுப்போகிறது என்று பொருள். ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே போனால் அகப்பட்டுவிடும்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். மீட்டரைத் தண்டவாளத்தில் வைத்துப் பாதை முழுவதும் பார்த்தேன். பாலத்தில் மின்சாரம் குறையவில்லை, வளைவிலும் குறையவில்லை. தண்டவாளத் துண்டுகள் சேரும் இடங்களை அழுத்திப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தன. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு உண்டு, ஜன்னல் கம்பியைக்கூட விட்டுவைக்காது. அதனால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் பாதையைத் துடைத்தேன். அதே துணியைத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, பாதிச் சக்கரங்கள் அதன்மேல் இருக்கும்படி இன்ஜினைப் பிடித்துக்கொண்டு ஓட விட்டேன். துணியில் கறுப்பாக இரண்டு கோடுகள் இறங்கின. அன்று மாலை இன்ஜின் நிற்காமல் ஓடியது. மறுநாள் காலையிலும் ஓடியது. அதற்கடுத்த நாள் சந்தை. தம்பி வந்தான், ஆறு பெட்டிகளையும் மாட்டினான், திருகினான். வண்டி பாலத்தில் ஏறியதும் நின்றது.

"என்னண்ணே, ஒங்க வண்டி என்னயக் கண்டா மட்டும் மொறைக்குது" என்றான்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குள் அந்தப் பேச்சு முள்போலத் தங்கிவிட்டது.

அடுத்த வாரமும் அதேதான் நடந்தது. நான் துடைத்தேன், ஓடியது. அவன் வந்தான், நின்றது. அவன் போன பிறகு நான் துடைத்துப் பெட்டியில்லாமல் விட்டேன், ஓடியது. நான் அவன் கைகளைக் கவனிக்கத் தொடங்கினேன். மிளகாய் மூட்டை தூக்கிய கை. எவ்வளவு கழுவினாலும் விரல் இடுக்கில் ஒரு சிவப்பு நிற்கும். சாப்பிட்ட கையில் எண்ணெய் இருக்கும். இந்தக் கையால் சக்கரத்தைத் தொட்டிருப்பான் என்று முதலில் நினைத்தேன். அறியாமல் செய்கிறான் என்ற அளவில்தான் அப்போது இருந்தேன். அத்தோடு நின்றிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

அந்த வருஷம் அவன் என்னிடம் ஒன்று கேட்டிருந்தான். ஊரில் அய்யா விட்டுப்போன நஞ்சை இன்னும் எங்கள் இருவர் பேரிலும் பொதுவாகக் கிடக்கிறது. நான் அதில் கால் வைத்ததே இல்லை. உழுவதும் விதைப்பதும் அறுப்பதும் அவன்தான். கண்மாயை ஒட்டிய துண்டை மட்டும் தன் பேருக்குப் பதிந்து தரச் சொன்னான். போர் போடுவதென்றாலும் கடன் வாங்குவதென்றாலும் ஒவ்வொரு முறையும் என் கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கிறது என்றான். நியாயமான பேச்சு. பொங்கலுக்கு அப்புறம் பார்ப்போம் என்று சொல்லி வைத்திருந்தேன். அவனும் சரியென்றுதான் சொன்னான். ஆனால் இன்ஜின் நிற்கத் தொடங்கிய பிறகு அந்தச் சரியை நான் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்த்தேன். சரி என்றபோது முகம் எப்படி இருந்தது? குனிந்துகொண்டானே, ஏன்? வேட்டியை மடித்துக் கட்டுவதற்காகக் குனிந்தானா, என்னைப் பார்க்கப் பிடிக்காமல் குனிந்தானா?

இதற்கெல்லாம் பதில் கிடையாது. பதில் இல்லாத கேள்விகளை வைத்துக்கொண்டு ஒரு கிழவன் பகல் முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. என் மேல் உள்ள ஆத்திரத்தை அவன் என் ரயில் மேல் காட்டுகிறான் என்று முடிவு கட்டினேன். அவன் கொண்டுவரும் கீரையிலும் புளியிலும்கூட ஏதோ உள்நோக்கம் இருப்பதாகப் பட்டது. முன்பெல்லாம் ஒரு கட்டுக் கீரை கொண்டுவருவான், இப்போது ஏன் இரண்டு கட்டு?

இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கீரைக்கட்டு பெருத்ததற்கு மழைதான் காரணம், மழை பெய்தால் கீரை முளைக்கும், அதற்கும் உங்கள் தம்பிதான் பொறுப்பா என்று கேட்டாள். பிறகு, இன்ஜினைத் திறந்து பார்த்தால்தான் என்ன என்றும் கேட்டாள்.

அதுதான் சரியான கேள்வி. நான் திறக்கவில்லை. மேல் கூடு இரண்டு பக்கமும் சின்னக் கொக்கிகளால் மாட்டியிருக்கும், அழுத்தி எடுத்தால் உடைந்துவிடும், வெளியில் யாரும் ஒட்டித் தர மாட்டார்கள் என்று மகள் எச்சரித்திருந்தாள். என் விரல்களில் கொஞ்ச நாளாக நடுக்கம். கையெழுத்தே கோணிப் போகிறது. என் கையாலேயே அதை உடைத்துவிடுவேனோ என்று பயம். இன்ஜினைத் திறப்பதைவிடத் தம்பியைச் சந்தேகிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. வேறு எப்படியும் இதைச் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே வேறொரு சோதனை வைத்தேன்.

நான் அறையில் இல்லாதபோது அவன் இன்ஜினைக் கையில் எடுக்கிறானா என்று தெரிய வேண்டும். அதன் மேல் மெல்லிய தூள் எதையாவது தூவி வைத்தால் விரல் பட்ட இடம் காட்டிக்கொடுக்கும். முகப் பவுடர் வாசம் அடிக்கும், மாவு கட்டிப்படும். பூஜை அலமாரியில் என் மனைவி உத்தரகோசமங்கையிலிருந்து வாங்கி வந்த திருநீறு இருந்தது. நல்ல மெல்லிய தூள். மாடிக்கு எடுத்துப்போய், காபி வடிகட்டி வழியாக இன்ஜினின் முதுகில் சலித்துவிட்டேன். நீலத்தின் மேல் பனி படிந்ததுபோல் சீராகப் படிந்தது. நான் கடவுளை மறுப்பவன் அல்ல. தினமும் அதே திருநீற்றை இட்டுக்கொள்கிறவன்தான். அன்று கை கூசவில்லை. வேலை நேர்த்தியாக வந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது.

சந்தை நாள் மதியம் சாப்பிட்டு முடித்ததும், மகளிடம் பேச வேண்டும், நீ மேலே போய் இரு, பிறகு வருகிறேன் என்று அவனை அனுப்பினேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். மறுமுனையில் யாரும் இல்லை. இடையிடையே "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வெகு நேரம் நான் போகாமல் இருக்கவே, அவனே இறங்கி வந்தான். படியில் அவன் முகம் தெரிந்ததும் போனைக் கீழே வைத்தேன். நெற்றியில் திருநீறு, புருவத்திலிருந்து புருவம் வரை ஒரே இழுப்பாக. பஸ்ஸில் வேர்த்து வந்த ஆள், சாப்பிடும்போது நெற்றி வெறுமையாக இருந்ததை நான் குறித்து வைத்திருந்தேன். அகப்பட்டுக்கொண்டான் என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

"மேல என்னத்தத் தொட்ட?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தொடலையேண்ணே. நீங்க வருவீகன்னு ஒக்காந்து கெடந்தேன்."

"அப்ப நெத்தியில என்னது?"

அவன் கை நெற்றிக்குப் போனது. சிரித்தான். "ஓ, இதுவா. இன்ஜின் மேல துன்னூறு வச்சிருந்தீகள்ல. மதினி கோயிலுக்குப் போயிட்டு வந்து வச்சிருப்பாகன்னு ஒரு சிட்டிகை எடுத்துப் பூசிக்கிட்டேன்."

காபி கொண்டுவந்த என் மனைவி தான் எதுவும் வைக்கவில்லை என்றாள். அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். ஊர்க்காரன் எவனாக இருந்தாலும், வண்டியின் மேல் திருநீற்றைப் பார்த்தால் தொட்டுப் பூசாமல் வர மாட்டான். அது புரியாத ஆள் இல்லை நான். ஆனால் பிடித்துவிட்டோம் என்ற வேகம் என்னை விடவில்லை.

"நான்தான் வச்சேன். நான் இல்லாதப்ப அதை யாரு தொடுறான்னு பாக்கணும்னுதான் வச்சேன்" என்றேன்.

பிறகு எல்லாம் வந்தது. மிளகாய்க் கை, எண்ணெய்க் கை, அவன் வரும் நாளில் மட்டும் இன்ஜின் நிற்பது, கண்மாய்த் துண்டை எழுதித் தரச் சொல்லிக் கேட்டது, கீரைக்கட்டு வரை. நிலத்துக்காக இப்படிப் பழி தீர்க்கிறாயா என்று கேட்டேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது ஒரே ஒரு வார்த்தை கேட்டான்.

"துன்னூறுலயாண்ணே?"

காபியைத் தொடவில்லை. மூலையில் இருந்த பையை எடுத்துக்கொண்டான். "வாரேன் மதினி" என்று அவளிடம் மட்டும் சொன்னான். அந்தத் திருநீற்றை அவன் அழிக்கவில்லை. அது நெற்றியில் இருக்க, தெருவில் இறங்கிப் போனான்.

அடுத்த சந்தைக்கு அவன் வீட்டுக்கு வரவில்லை. சந்தையில் அவனைப் பார்த்ததாகப் பால்காரர் மூலம் தெரிந்தது. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் தினமும் மாடிக்குப் போனேன். இனி தொடுவதற்கு ஆளில்லை, ஆகவே வண்டி ஒழுங்காக ஓடும் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஓடியிருந்தால் என் நெஞ்சு ஆறியிருக்கும். அதைத்தான் வேண்டிக்கொண்டேன். தம்பி குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று ஒரு அண்ணன் வேண்டிக்கொள்வது எப்படிப்பட்ட வேண்டுதல்!

வண்டி நின்றது. மழை ஓய்ந்து வெயில் அடித்த நாளில் கொஞ்சம் ஓடியது, மறுபடியும் ஈரம் வந்ததும் நின்றது. ஆறு பெட்டிகளையும் மாட்டி விட்டுப் பார்த்தேன். பாலத்தின் ஏற்றத்திலேயே நின்றது. அப்போதுதான் உறைத்தது. நான் தனியாக இருக்கும்போது ஒரு தடவைகூடப் பெட்டிகளை மாட்டி ஓட்டியதில்லை. பாரமில்லாமல், மெதுவாக, துடைத்த கையோடு ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று எழுந்துவிடுவேன். தம்பி பாரத்தோடு வேகமாக ஓட்டுவான். இரண்டு நிலைமைகளும் வேறு வேறு. ஒரு மாணவன் இப்படி ஒரு சோதனையைச் செய்து கொண்டுவந்திருந்தால் பெருக்கல் குறி போட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

அது தெரிந்த பிறகும் மனம் உடனே இறங்கிவிடவில்லை. பழகிய சந்தேகத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அறையைப் பெருக்க வருபவள் என் மனைவி மட்டும்தான். ஒரு காலை, விளக்குமாற்றோடு மாடியிலிருந்து இறங்கியவளை நான் பார்த்த பார்வையை அவள் கண்டுகொண்டாள்.

"இப்ப என் நெத்தியப் பாக்குறீகளா? நல்லாப் பாத்துக்கங்க, குங்குமந்தான் இருக்கு" என்றாள்.

அன்றுதான் இன்ஜினைத் திறந்தேன். உடைந்தால் உடையட்டும் என்று உட்கார்ந்தேன். என் விரல் நடுங்கவே, அவள் எதிரில் வந்து உட்கார்ந்து ஒரு பக்கக் கொக்கியை நகத்தால் தள்ளிப் பிடித்தாள். கூடு உடையாமல் கழன்று வந்தது. மோட்டாரில் குறை இல்லை. வண்டியைக் கவிழ்த்து அடித்தட்டையும் எடுத்தேன். சக்கரத்தை உரசும் செப்புத் தகடுகள் பச்சையாகக் களிம்பு பிடித்துக் கிடந்தன. இரண்டு தகடுகள் களிம்பில் ஒட்டி, சக்கரத்தைத் தொடாமல் விலகியே நின்றன. பல்சக்கரத்தின் ஓரத்தில் உலர்ந்த சக்கை போல ஏதோ கறுத்துப் போய் இருந்தது, அதில் அரிசியைவிடச் சின்னதாக ஒரு விதை.

அவள் அதை ஊசி முனையால் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "எலுமிச்சம்பழம்" என்றாள்.

ஆயுத பூஜையன்று நான் செய்த வேலை அது. ஸ்கூட்டருக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சந்தனம், குங்குமம் வைத்த பிறகு மாடிக்குப் போய் இன்ஜினுக்கும் வைத்தேன். வண்டி என்றால் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும் அல்லவா. இது பொம்மை வண்டி, பொட்டு போதும் என்றாள் அவள். எல்லா வண்டிக்கும் உள்ள முறை இதற்கும் உண்டு என்று நான் வீம்பு பிடித்தேன். இருப்பதிலேயே சின்னக் காயாகப் பார்த்துத் துண்டாக நறுக்கித் தண்டவாளத்தில் வைத்தேன். இன்ஜினால் ஏற முடியவில்லை. அதன் முதுகை அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகைக் கடைசி வரை திருகினேன். சக்கரங்கள் சாற்றை வாரி உள்ளே இறைத்தன. மேலே தெறித்ததைத் துடைத்துவிட்டு, பூஜை நன்றாக நடந்தது என்று இறங்கி வந்தேன். செம்பின் மேல் எலுமிச்சைச் சாறு தங்கினால் என்ன ஆகும் என்று முப்பது வருஷம் வகுப்பெடுத்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று தம்பி ஊரில் தன் டிராக்டருக்குப் பூஜை போட்டுக்கொண்டிருந்தான்.

தகடுகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, வளைத்துச் சரிப்படுத்தி, மாட்டினோம். ஆறு பெட்டிகளோடு விட்டேன். பாலத்தின் மேல் நிற்காமல் போனது. சுற்றிச் சுற்றி வந்தது. அதை நிறுத்தவும் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றாள் அவள். போனில் சொன்னால் போதாதா என்று கேட்டேன். திட்டும்போது நேரில்தானே திட்டினீர்கள் என்றாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் போனேன். மார்கழிக் கூட்டம், உத்தரகோசமங்கைக்குப் போகும் பக்தர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். அவர் நெற்றியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வழி முழுவதும் ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காட்டையே பார்த்துக்கொண்டு போனேன்.

தம்பி வீட்டில் இல்லை. அவன் மனைவி உட்காரச் சொல்லிவிட்டு, மிளகாய்த் தோட்டத்தில் இருக்கிறார், ஆள் அனுப்புகிறேன் என்றாள். நானே போகிறேன் என்று நடந்தேன். களை பிடுங்கிக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் எழுந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். அண்ணனைக் கண்டால் செய்கிற பழக்கம். அதை அவன் விடவில்லை. வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எலுமிச்சம்பழம், களிம்பு, பெட்டி மாட்டாமல் ஓட்டிப் பார்த்தது. முடித்ததும் கேட்டான்.

"இப்ப நல்லா ஓடுதாண்ணே?"

"ஓடுது."

"பாலத்துல நிக்கலையே?"

"இல்லை."

"அப்பச் சரி" என்றான். கையில் இருந்த களையை உதறிக் கரையில் போட்டான்.

அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் திரும்பிப் போக முடியாது. ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்று மனம் பறந்தது. கண்மாய்த் துண்டைப் பொங்கல் வரை தள்ள வேண்டாம், நாளைக்கே பதிவு ஆபீசுக்குப் போவோம், முழு நஞ்சையையுமே உன் பேருக்கு எழுதிவிடுகிறேன் என்றேன். அவன் முகம் அப்போதுதான் மாறியது. என் வீட்டில் நான் அவ்வளவு பேசியபோதுகூட அப்படி மாறவில்லை.

"வேணாம்ணே. அது அய்யா வச்ச நெலம். இதுக்குப் பதிலா வாங்குனம்னா அதுல வெதைக்க மனசு வராது. நான் கேட்டது வேற, இது வேற. கொஞ்ச நாளு போகட்டும்."

"வெயில்ல நிக்காதீக, வீட்டுக்குப் போங்க, காப்பி போடச் சொல்லுறே..." என்று சொல்ல வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டு, அவனே முன்னால் நடந்தான். வீட்டில் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். மழை, உர விலை, என் மகள் எப்போது வருகிறாள் என்றெல்லாம் பேசினோம். பஸ் வரை வந்து ஏற்றிவிட்டான். சண்டை போட்டிருந்தால், கூட ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் அழுதாவது தீர்த்திருப்பேன். அவன் அதற்கு வழி வைக்கவில்லை.

பொங்கல் கழிந்து வந்த முதல் சந்தைக்கு வீட்டுக்கு வந்தான். கரும்பும் மொச்சையும் கொண்டுவந்தான். என் மனைவி பரிமாறிக்கொண்டே அவனைக் கேலி செய்தாள், அவனும் அவளுக்குத் திருப்பிக் கொடுத்தான். சாப்பிட்டுக் கை கழுவினான். சோப்புப் போட்டு ஒரு தடவை கழுவி, துண்டில் துடைத்து, முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் சோப்புப் போட்டான். நான் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன்.

மாடியில் கன்ட்ரோலரை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"நீங்க ஓட்டுங்கண்ணே. நான் பாக்குறேன்."

நான் வற்புறுத்தினேன். கண் சரியாகத் தெரியவில்லை, வேகம் கூடிவிட்டால் கவிழ்ந்துவிடும் என்று ஏதோ சொன்னான். அவனுக்காக ஆறு பெட்டிகளையும் மாட்டி, திருகைக் கடைசி வரை திருகினேன். வண்டி வளைவில் சாய்ந்து போனது. "நல்லாப் போகுது" என்றான். சிரிக்கவும் செய்தான், முன்பு சிரித்த சிரிப்பு இல்லை. விருந்தாளி ஒருவர் மரியாதைக்குச் சிரிப்பதுபோல் இருந்தது.

இப்போது ஒவ்வொரு சந்தைக்கும் வருகிறான். அந்த மதியம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்று பிறர் சொல்லக்கூடும். நானும் சில நாள் அப்படிச் சொல்லிக்கொள்கிறேன். கண்மாய்த் துண்டைப் பற்றி அவன் வாயைத் திறப்பதில்லை. நான் எடுத்தால், பார்த்துக்கொள்வோம் என்கிறான்.

போன வாரம் நான் கீழே மாத்திரை போட்டுக்கொள்ள இறங்கியிருந்தேன். ரயில் தானாகச் சுற்றிக்கொண்டிருக்க, அவன் மட்டும் மேலே இருந்தான். சிறிது நேரத்தில் படியின் தலைமாட்டிலிருந்து குரல் கொடுத்தான்.

"அண்ணே, கடைசிப் பெட்டி தடம் எறங்கிருச்சு. செத்த வாங்க."

முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறினேன். பெட்டி பலகையின் இந்த ஓரத்தில், அவன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் எதிரில், சாய்ந்து கிடந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டினாலே எட்டும். அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டு, எனக்கு வழி விட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். நான் பெட்டியை எடுத்துச் சக்கரத்தைத் தண்டவாளத்தில் உட்கார வைக்கப் பார்த்தேன். விரல் நடுக்கத்தில் இரண்டு தடவை நழுவியது. அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் கட்டிய கைகளை அவிழ்க்கவில்லை.